ஆச்சியின் பெயரைப் பிள்ளைக்கு வைக்கலாமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலியில் தாய்வீட்டில் பிரசவம். பெண் குழந்தை, பிறந்து 40 நாள் ஆகிறது. கணவன், மனைவி இரண்டு பேருக்கும் பெங்களூரில் வேலை. தன்னை வளர்த்த ஆச்சியின் பெயரான 'வடிவு' என்பதையே மகளுக்கு வைக்க வேண்டும் என்று தாய்க்கு ஆசை. ஆச்சி இருக்கிறார், 84 வயது. மாமியார், "இந்தக் காலத்துல யாரு இந்தப் பேரை வைக்கா? பள்ளிக்கூடத்துல பிள்ளையைக் கேலி பண்ணுவாக" என்கிறார். சொந்த அம்மா ஒரு சமாதானம் சொல்கிறார்: சான்றிதழில் 'வ'வில் தொடங்கும் புதுப் பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிட வடிவு. என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

வையுங்கள். பிறப்புச் சான்றிதழிலும் அதையே எழுதுங்கள். நான் 33 வருடம் தமிழ் டீச்சராக இருந்தவள். 1984 முதல் 2017 வரை ஒவ்வொரு ஜூன் மாதமும் வருகைப் பதிவேட்டில் பிள்ளைகள் பெயரை என் கையால் எழுதியிருக்கிறேன். பெயர் விஷயத்தில் எனக்குச் சொந்த வருத்தம் ஒன்றும் உண்டு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெயரையே பார்ப்போம். வடிவு என்றால் உருவம். அழகு என்றும் பொருள். திருநெல்வேலிக் காந்திமதியம்மைக்கு வடிவுடையம்மை என்றும் பெயருண்டு. சென்னைப் பக்கம் திருவொற்றியூரில் அம்மன் பெயரே வடிவுடையம்மன். வள்ளலார் அவள்மேல் பாடியதுதான் 'வடிவுடை மாணிக்க மாலை'. பெரியாழ்வார் திருப்பல்லாண்டில் திருமாலின் சக்கரத்தைச் சொல்லும்போது 'வடிவார் சோதி' என்கிறார். அழகு நிறைந்த ஒளி என்று அர்த்தம். இப்போதும் யாழ்ப்பாணத்துக்காரர்களிடம் பேசிப் பாருங்கள். அழகான பெண்ணை 'வடிவான பிள்ளை' என்பார்கள். சாப்பிட உட்காரவைத்துவிட்டு 'வடிவாச் சாப்பிடுங்கோ' என்பார்கள், நன்றாகச் சாப்பிடுங்கள் என்று. உங்கள் வீட்டில் கிழவி பெயராகத் தெரிகிற சொல், கடல் தாண்டினால் நாள் முழுக்க வாயில் புழங்குகிற சொல். மூன்று எழுத்து. முடிவில் உகரம், அதனால் தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று இழுத்துக் கூப்பிடவும் வாகாக இருக்கும்.

அடுத்து, ஆச்சி பெயரை வைப்பது 'பழைய பழக்கம்' என்று சொல்கிறார்கள் இல்லையா? அது நம் மொழிக்குள்ளேயே இருக்கிற பழக்கம். பேரன், பேத்தி என்கிறோமே, அந்தச் சொற்கள் பெயரன், பெயர்த்தி என்பதிலிருந்து வந்தவை. தாத்தா பெயரைத் தாங்குகிறவன் பெயரன், பாட்டி பெயரைத் தாங்குகிறவள் பெயர்த்தி. ஐங்குறுநூற்றில் ஒரு பாட்டு. சிறுதேர் உருட்டிக்கொண்டு தத்தித் தத்தி நடக்கிற குழந்தையைத் தகப்பன் பார்த்து மகிழ்கிறான். அந்தக் குழந்தையைப் பாட்டு 'தந்தை பெயரன்' என்கிறது. தன் தகப்பனார் பெயர் தன் மகன் உருவத்தில் வாசலில் நடை பழகுகிறது. வகுப்பில் இந்த இடம் வரும்போதெல்லாம் பிள்ளைகளிடம், "உங்களில் யார் யாருக்குத் தாத்தா பாட்டி பெயர்?" என்று கேட்பேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பாதி வகுப்பு கை தூக்கும். கடைசி வருடங்களில் ஒன்றிரண்டு கைதான் எழும்.

இதிலே இன்னொரு நுட்பமும் உண்டு. அந்தக் காலத்தில் மருமகள் மாமியார் பெயரை வாயால் சொல்ல மாட்டாள். அந்தப் பெயரையே பிள்ளைக்கு வைத்துவிட்டால் எப்படிக் கூப்பிடுவது? எப்படித் திட்டுவது? அதற்குத்தான் வீட்டுப் பெயர். அம்மாளு, தாயி, ஆச்சிமா, பாப்பா என்று ஆளுக்கொன்று கூப்பிடுவார்கள். பள்ளியில் கோமதி, வீட்டில் அம்மாளு. உங்கள் அம்மா சொல்கிற ஏற்பாடு இதை அப்படியே தலைகீழாக்குகிறது. முன்பு பெரியவர் பெயர் வெளியில் நின்றது, செல்லப் பெயர் உள்ளே இருந்தது. இப்போது புதுப் பெயரை வெளியே காட்டி ஆச்சி பெயரை உள்ளே ஒளிக்கச் சொல்கிறார். வீட்டுப் பெயராக மட்டும் வைத்தால், ஆச்சியின் தலைமுறை போன பிறகு அந்தப் பெயரைச் சொல்ல வீட்டில் ஆள் குறைந்துகொண்டே வரும். கடைசியில் உங்கள் மகளுக்கே அது ஏதோ குழந்தைப் பருவக் கூப்பாடாகத்தான் ஞாபகம் இருக்கும்.

சரி, 'பழசாக இருக்கிறது' என்ற பேச்சுக்கு வருவோம். என் பதிவேட்டில் 1984-இல் பேச்சியம்மாள், இசக்கியம்மாள், முப்பிடாதி, சண்முகத்தாய், செண்பகவல்லி எல்லாம் இருந்தார்கள். கூடவே சாந்தி, விஜயா, தமிழ்ச்செல்வி. அப்புறம் சுதா, கீதா, பிரியா. அதற்கப்புறம் வடமொழி எழுத்து இல்லாத பெயரைத் தேட வேண்டியதாகிவிட்டது. நான் ஓய்வு பெற்ற வருடம் ஒரே வகுப்பில் 'ஸ்ரீ' என்று முடிகிற பெயர் ஐந்து. கூப்பிட்டால் இரண்டு பேர் சேர்ந்து எழுந்து நிற்பார்கள். தனியாக நிற்கட்டும் என்று எண்கணிதம் பார்த்து எழுத்துக் கூட்டி வைத்த பெயர்கள் எல்லாம் ஒரே சத்தமாகப் போய்விட்டன.

இதில் நான் கண்டது ஒன்று உண்டு. பெயரின் பழமை அந்தப் பெயரில் இல்லை, கேட்கிறவர் காதில் இருக்கிறது. உங்கள் மாமியாருக்கு வடிவு என்றதும் வெற்றிலை போட்டுப் பழுத்த வாய், நார்ப்பெட்டி, வாசல் திண்ணை எல்லாம் கண்ணில் வரும். அவர் பார்த்த வடிவுகள் எல்லாரும் கிழவிகள். உங்கள் மகளோடு எல்கேஜியில் உட்காரப் போகிற பிள்ளைகள் ஒரு வடிவைக்கூடப் பார்த்ததில்லை. அவர்களுக்கு அது ஒரு புதுப் பெயர், அவ்வளவுதான். மணிமேகலைக் காலத்து ஆதிரை இன்று புத்தம் புதுப் பெயராகப் பால்வாடிக்கு வரவில்லையா? அம்மா காலத்துப் பெயர்தான் காதுக்குச் சலித்துப்போகும். பூட்டி காலத்துப் பெயருக்கு அந்தச் சலிப்பு கிடையாது.

ஆனால் பழைய பெயர் எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். இதைச் சொல்லியே ஆக வேண்டும். பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்துத் தவறிப்போன வீட்டில், அடுத்த பிள்ளையைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பம்மாள் என்று வைத்தார்கள். தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை விலைக்கு வாங்கினதாகப் பாவித்துத் தவிட்டம்மாள் என்றார்கள். பிச்சையம்மாள் என்ற பெயரும் அந்த வழிதான். இது வேண்டாத பிள்ளை போலிருக்கிறது என்று எமன் ஏமாந்து போகட்டும் என்கிற தவிப்பு அது. அந்தப் பெயர்களுக்குள் ஒரு தாயின் அழுகை இருக்கிறது. கேட்டால் எனக்கு இன்றும் நெஞ்சு கலங்கும். உங்கள் ஆச்சி பெயர் இதில் ஒன்றாக இருந்திருந்தால், கதையைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள், பெயரை விட்டுவிடுங்கள் என்றுதான் எழுதியிருப்பேன்.

இன்னும் கசப்பானது, இனிப் பெண் பிள்ளை வேண்டாம் என்று வைத்த பெயர்கள்: போதும்பொண்ணு, வேண்டாம். திருத்தணிப் பக்கத்துக் கிராமங்களில் வேண்டாம் என்ற பெயரோடு படித்த பெண்கள் உண்டு. அது மண்ணோடு போக வேண்டிய வழக்கம். அப்புறம் சாதி. ஒரு வீட்டுப் பெண்ணை 'அம்மாள்' போட்டுக் கூப்பிட்ட ஊர், இன்னொரு தெருப் பெண்ணை எண்பது வயதிலும் வெறும் பெயராலும் 'ஏளா' என்றும் கூப்பிட்டது. அந்தத் தெருவில் ஒரு தகப்பன் தன் மகளுக்கு விஜயா என்றோ ராணி என்றோ வைத்தபோது அதில் எவ்வளவு நிமிர்வு இருந்திருக்கும்! அதனால் பழைய பெயரைக் கைவிட்டவர்களை எல்லாம் நாகரிக மோகம் என்று ஒரே அடியாகச் சொல்ல எனக்கு மனம் வராது. பெயருக்குப் பின்னால் என்ன இருந்தது என்று பார்த்துவிட்டு எடுக்க வேண்டும்.

வடிவு என்ற பெயரில் அப்படி ஒரு கறையும் இல்லை. பிறந்த பிள்ளையைப் பார்த்து 'அழகு' என்று யாரோ சொன்ன சந்தோஷம் மட்டும்தான் அதில் இருக்கிறது.

இப்போது உங்கள் மாமியார். அவர் மறுப்பதற்குப் பழமை மட்டும் காரணமா என்று ஒரு தடவை யோசியுங்கள். பல வீடுகளில் முதல் பேத்திக்கு அப்பாவைப் பெற்ற ஆச்சி பெயர் என்பதுதான் முறை. அந்த முறைப்படி வர வேண்டிய பெயர் அவருடையது. தாய்வழிப் பெயர் முன்னே வந்துவிட்டதே என்று மனதுக்குள் இருக்கலாம். அதை எந்தப் பெரிய மனுஷியும் வாய்விட்டுக் கேட்க மாட்டாள். பதிலுக்கு, 'பிள்ளையைக் கேலி பண்ணுவாக' என்பாள்.

நான் இதை எங்கிருந்து சொல்கிறேன் என்றால், என் வீட்டிலேயே நடந்தது. என் மகள் 1987-இல் பிறந்தாள். என் மாமியார் பெயர் செண்பகவல்லி. கோவில்பட்டி பிறந்த ஊர், அங்கே அம்மன் பெயரும் அதுதான். பேர் வைக்கிற அன்று காலையில் அத்தை தலைக்குக் குளித்து, பெட்டியிலிருந்து சுங்குடிச் சேலை எடுத்துக் கட்டி, முன்கட்டில் உட்கார்ந்திருந்தார். நான் ஒரு வாரப் பத்திரிகையில் பார்த்த பெயரை வைத்தேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. அத்தை பிள்ளையை மடியில் வாங்கி அந்தப் பெயரைச் சொல்லப் பார்த்தார், அந்த வடமொழி எழுத்து அவருக்கு வாயில் வரவில்லை. இரண்டு தடவை முயன்றுவிட்டுச் சிரித்தார். கடைசிவரை 'பாப்பா' என்றேதான் கூப்பிட்டார். எனக்கு அப்போது 27 வயது. அந்தச் சுங்குடிச் சேலைக்கு அர்த்தம் புரிய எனக்கு வெகுநாள் ஆனது. 2019-இல் என் மகளுக்குப் பெண் பிறந்தபோது நான் எதுவும் சொல்லவில்லை. அவளாகத்தான் 'ஆச்சி பேரு வைக்கேன்மா' என்றாள். என் பேத்தி பெயர் செண்பகம். பள்ளியில் முதல் நாள் டீச்சர் பெயருக்கு அர்த்தம் கேட்டிருக்கிறார். "அது ஒரு பூ. எங்க அம்மாவோட ஆச்சி பேரு" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

ஆகவே மாமியாரிடம் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். காதில் பெயர் சொல்லும்போது ஒரே பெயரைத்தான் சொல்ல வேண்டும் என்று விதி கிடையாது. குலதெய்வத்தின் பெயர், பாட்டி பெயர், கூப்பிடுகிற பெயர் என்று இரண்டு மூன்று சொல்கிற வீடுகள் உண்டு. உங்கள் மாமியார் பெயரையோ அவருடைய அம்மா பெயரையோ அன்று காதில் சொல்லச் சொல்லுங்கள். அவர் வாயாலேயே சொல்லட்டும். வீட்டுப் பெயராக அவர் விரும்பின பெயர் இருக்கட்டும்.

பள்ளியில் கேலி வருமா என்றால், கொஞ்சம் வரும். வடிவேலு என்று கூப்பிடுவார்கள், அதை இப்போதே எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். (வடிவேலில் 'வடிவு' இல்லை. அது வடி, வேல் என்று பிரியும். தீட்டின கூர்மையான வேல். உங்கள் மகள் வளர்ந்ததும் இதைச் சொல்லிக் கொடுங்கள், பதில் சொல்ல உதவும்.) ஆனால் பிள்ளைகள் எந்தப் பெயரைத்தான் விட்டுவைத்தார்கள்? ஐஸ்வர்யா ஐஸ் ஆவாள், பூஜாவைப் பூஜை என்பார்கள். நான் பார்த்தவரை கேலியில் உடைந்துபோன பிள்ளைகள், வீட்டிலேயே தன் பெயரைக் கூச்சத்தோடு சொல்லக் கேட்டவர்கள். பத்தாம் வகுப்புக்கு நாமினல் ரோல், அதாவது பொதுத்தேர்வு எழுதுகிறவர்களின் பெயர்ப் பட்டியல், தயாரிக்கும்போது ஒரு பெண் மேசைக்குப் பக்கத்தில் வந்து, "மிஸ், என் பேர்ல அம்மாளை மட்டும் எடுத்துரலாமா?" என்று மெதுவாகக் கேட்டாள். யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "எங்க அம்மாவே வெளியில சொல்ல மாட்டாங்க மிஸ்" என்றாள். வகுப்பில் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

அதனால் நீங்கள் சொல்லும்போது தயங்காமல் சொல்ல வேண்டும். 'பழைய பேருதான், ஆச்சி பேரு, அதான்...' என்று இழுக்காதீர்கள். பெயர் வடிவு, அவ்வளவுதான். அதே காரணத்தால் வடிவுஸ்ரீ, வடிவிகா என்று ஒட்டுப் போடவும் வேண்டாம். ஒட்டுப் போட்டால் ஆச்சி பெயரும் போய்விடும், புதுப் பெயரும் நிற்காது. வடிவம்மாள், வடிவுக்கரசி என்று நீட்டவும் தேவை இல்லை என்பது என் எண்ணம். 'அம்மாள்' என்பது மரியாதைக்குச் சேர்ந்தது, வயதானால் தானே வந்து ஒட்டிக்கொள்ளும். எளிய பெயரோடு எவ்வளவு தூரம் போனார்கள் என்று பாருங்கள். தில்லையாடி வள்ளியம்மை தென்னாப்பிரிக்காவில் காந்தியின் போராட்டத்தில் சிறைக்குப் போய், 1914-இல் 16 வயதில் இறந்தாள். மதுரைப் பக்கத்துக் களஞ்சியம் என்ற மகளிர் சேமிப்புக் குழுவின் சின்னப்பிள்ளைக்கு விருது கொடுத்தபோது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார்; 2019-இல் பத்மஸ்ரீயும் வந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் குடியேற்றின 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயிலில் ஆடிப்பாடிய பெண்களின், பெயர்கள் வரிசையாக வெட்டியிருக்கின்றன. அதில் ஒருத்தி பெயர் எடுத்தபாதம். ஆயிரம் வருடம் கழித்தும் அந்தப் பெயரை வாசிக்கும்போது தூக்கின திருவடி கண்முன் வருகிறது.

பெங்களூரில் வடக்கத்தியர்கள் 'வதிவு' என்று சொல்வார்கள். ஆங்கிலத்தில் எழுதினால் 'டி'யும் 'தி'யும் ஒரே எழுத்துதானே. ஒரு தடவை திருத்தினால் பழகிவிடும். கன்னடக்காரர்களுக்கு அந்தச் சிரமம் இருக்காது, அவர்கள் நாக்கில் 'டி' நன்றாக வரும்.

அப்புறம் காகித வேலை. பிறப்பைப் பதிய 21 நாள். அதை ஆஸ்பத்திரியிலேயே செய்திருப்பார்கள். பெயர் இல்லாமல் பதிந்திருந்தால் 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்கப்புறம் 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஆகவே இந்த வாரமே முடிவு செய்தாக வேண்டும் என்று யாரும் அவசரப்படுத்த விடாதீர்கள். ஆனால் ஒருமுறை ஏறின பெயரை மாற்றுவது பெரும்பாடு. 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். எழுத்துக்கூட்டல் தமிழிலும் ஆங்கிலத்திலும் சரியாக இருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன்னால் இரண்டு பேர் பாருங்கள். பாஸ்போர்ட் எடுக்கும்போது வடிவு என்று ஒற்றைச் சொல்லோடு விடாமல், குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயரையோ உங்கள் பெயரையோ போடுங்கள். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை அனுமதிக்க மாட்டோம் என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் சொன்னது ஞாபகம் இருக்கலாம்.

கடைசியாக ஒன்று. ஆச்சியிடம் கேட்டீர்களா? உங்கள் கேள்வியில் மாமியார் சொன்னது இருக்கிறது, அம்மா சொன்னது இருக்கிறது, ஆச்சி சொன்னது இல்லை. உயிரோடு இருக்கிற பெரியவர் பெயரை வைக்க மாட்டோம் என்கிற வீடுகளும் உண்டு, அது உங்கள் வீட்டுப் பழக்கமா என்று தெரிந்துகொள்ளுங்கள். அனேகமாக ஆச்சி, "எம் பேரு எதுக்குட்டி, நல்ல பேரா வை" என்றுதான் சொல்வார். அதை மறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பெயரை அவருக்கு யார் வைத்தார், சின்ன வயதில் யார் எப்படிக் கூப்பிட்டார் என்று கேட்டு, அவர் சொல்வதை ஃபோனில் பதிந்து வையுங்கள். 84 வயதில் ஒருத்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளே இருக்காது. அம்மா, அத்தை, ஆச்சி, பூட்டி என்று முறை சொல்லியே எல்லாரும் கூப்பிட்டு, சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருக்கும். பேர் வைக்கிற அன்று அவரைத் தொட்டிலுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்த்துங்கள். பிள்ளை காதில் மூன்று தடவை சொல்லும்போது வழக்கம்போல் ரகசியமாகச் சொல்லாமல், கொஞ்சம் சத்தமாகவே வடிவு என்று கூப்பிடுங்கள், அவருக்கும் கேட்கட்டும்.